ரைல்ஸ் டியூப்

அமுச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'ஆர்.டி. ஃபீட் 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.' மற்ற பக்கங்களில் இருந்ததெல்லாம் மாத்திரைப் பெயர்களும் ஸ்கேன் முடிவும். இந்த ஒரு வரிதான் அடுத்த பதினொரு வாரம் எங்கள் வீட்டின் கடிகாரமாக இருக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா. கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவர். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, விழுங்கும் திறன் நான்கும் ஒரே காலையில் போயின. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் வரும், பலருக்கு அது சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் மூக்கு வழியாக ஒரு குழாய்.

குழாயை எப்படிக் கையாள்வது என்று வார்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் அதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டேன். சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன், எதையும் டாக்குமெண்ட் பண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவன். நான்காம் நாள் ராத்திரி, தூங்குகிறவரை எதற்கு எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்று, படுத்தபடியே இருக்கும்போது சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றினேன். இருமல் வந்தது. இரண்டு நாளில் காய்ச்சல், நிமோனியா, மறுபடி ஆஸ்பத்திரி. வயிற்றுக்குப் போனது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமுச்சியின் இடது கை நன்றாக வேலை செய்தது. அந்தக் கை இரண்டு முறை குழாயைப் பிடுங்கி எறிந்தது. மூன்றாம் முறை நடக்கக் கூடாதென்று, அந்தக் கையை ஒரு துண்டால் கட்டில் கம்பியோடு நான்தான் கட்டினேன்.

இந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் வேறென்ன செய்வது?

*

தமிழ்நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் 'ரைல்ஸ் டியூப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் பெயர். ஜான் ஆல்ஃபிரட் ரைல், லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர், 1889இல் பிறந்தவர். 1921இல் அவரும் ஐசட் பென்னட் என்பவரும் சேர்ந்து ஆரோக்கியமான நூறு பேரின் இரைப்பையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனை எளிமையானது. ஓட்ஸ் கஞ்சி குடிக்க வைப்பார்கள். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இரைப்பைக்குள் இருக்கும். கால் மணி நேரத்துக்கொருமுறை அதன் வழியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். புண் இருக்கிறவருக்கு அமிலம் கூடுமா என்று சொல்ல வேண்டுமானால், புண் இல்லாதவருக்கு எவ்வளவு இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமே. அதற்காகத்தான் இந்த நூறு பேர்.

ஆக, ரைலின் குழாய் கஞ்சியை உள்ளே அனுப்பச் செய்ததில்லை. உள்ளே போன கஞ்சியை வெளியே எடுக்கச் செய்தது. நாம்தான் திசையை மாற்றிக்கொண்டோம். அதே 1921இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஆப்ரஹாம் லெவின் இன்னொரு மூக்குக் குழாயை அறிமுகப்படுத்தினார். அமெரிக்கர்களுக்கு அது லெவின் டியூப். பிரிட்டிஷ் வைத்தியப் பாடம் படித்த நமக்கு ரைல்.

ரைல் பிற்பாடு கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்துவிட்டு, 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்துக்கான முதல் பேராசிரியர் ஆனார். படுக்கையில் கிடக்கிற நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார் என்பதையும் மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய தம்பி கில்பர்ட் ரைல் தத்துவப் பேராசிரியர். உடம்பு என்ற இயந்திரத்துக்குள் மனம் என்று ஒன்று தனியாக ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணத்தையே 1949இல் கேலி செய்து புத்தகம் எழுதியவர். மனம் என்று நாம் சொல்வது ஒருவர் செய்கிற செயல்களிலேயே தெரிகிறது என்பது அவர் வாதம். அண்ணன் குழாய், தம்பி தத்துவம். அந்த நேரத்தில் இதை ஒரு வேடிக்கையான தகவலாகத்தான் குறித்து வைத்தேன்.

*

ரைலுக்கு முன்பே ஆட்கள் முயன்றிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபாப்ரிசியஸ், தாடை பூட்டிக்கொண்ட நோயாளிகளுக்கு மூக்கு வழியே வெள்ளிக் குழாய் விட்டு உணவு கொடுத்தார். வெள்ளி வளையாது. பாவம், அந்த நோயாளிகள்.

எனக்கு இதில் பிடித்த ஆள் லண்டனின் ஜான் ஹன்டர். 1790இல் அவரிடம் விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒரு நோயாளி. சுமார் ஐம்பது வயது. ஹன்டர் திமிங்கிலத் தாடையிலிருந்து எடுத்த வளையும் தண்டின்மேல் விலாங்கு மீனின் தோலை உறைபோல இழுத்து மாட்டினார். மறுமுனையில் ஒரு பை. முட்டையைத் தண்ணீரில் அடித்தது, பால், சர்க்கரை, ஒயின் எல்லாம் அந்தப் பையிலிருந்து இரைப்பைக்குப் போயின. சில வாரங்களில் அந்த மனிதருக்கு விழுங்கும் திறன் திரும்பிவிட்டது. 'சரியாகும்வரை தாங்கிப் பிடிப்பது' என்று டாக்டர் எங்களிடம் சொன்னாரே, அதற்கு நன்றாகப் பதிவான முன்னோடி இந்த விலாங்குத் தோல்தான்.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் வழியை 1839இல் குட்இயர் கண்டுபிடித்த பிறகே நல்ல வளையும் குழாய்கள் சாத்தியமாயின. குழாயின் தடிமனுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தவர் பாரிஸ் கருவித் தயாரிப்பாளர் ஷாரியர். அவருடைய 'ஃபிரெஞ்ச்' அளவில் ஒன்று என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அமுச்சிக்குப் போட்டது 14 ஃபிரெஞ்ச், பச்சை நிற முனை, அதாவது ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பப்பாளிக் காம்பைவிட ஒல்லி.

குழாய் கைக்கு வந்த பிறகும் பழைய வழக்கம் லேசில் போகவில்லை. 1881 ஜூலையில் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டுக்கு வாய்வழி உணவு ஒத்துக்கொள்ளாதபோது, மாட்டிறைச்சிச் சாற்றை ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். பெருங்குடலால் அதையெல்லாம் உணவாக எடுத்துக்கொள்ள முடியாது. மெலிந்து மெலிந்து செப்டம்பரில் இறந்தார். நாட்டின் உச்சியில் இருந்தவருக்கே கிடைத்த கவனிப்பு அது.

*

இதற்கடுத்த அத்தியாயத்தை அமுச்சியின் கையைக் கட்டிய பிறகுதான் படித்தேன். படித்திருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது.

1909இல் பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை சென்றவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் சிறையில் அந்த செப்டம்பரில் அவர்களுக்கு வலுக்கட்டாயமாகக் குழாய் செருக ஆரம்பித்தார்கள். வார்டர்கள் கை காலைப் பிடிக்க, டாக்டர் குழாயை விடுவார். மனநல விடுதிகளில் ஏற்கெனவே புழங்கிய முறைதான் அது. மருத்துவர்கள் பலர் கையெழுத்திட்டுப் பிரதமருக்கு எதிர்ப்பு அனுப்பினார்கள், ஆனாலும் நிற்கவில்லை. 1917இல் டப்ளின் சிறையில் தாமஸ் ஆஷ் குழாய் ஏற்றப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார்.

பிறகு நம் ஊர். 1929இல் லாகூர் சிறையில் பகத் சிங்கோடு இருந்த ஜதீந்திரநாத் தாஸ். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று உண்ணாவிரதம். பலவந்தமாகக் குழாய் விட்டார்கள், பால் நுரையீரலுக்குள் போயிற்று. 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று இறந்தார். 1933 மே மாதம் அந்தமான் செல்லுலார் சிறையில் மகாவீர் சிங்குக்கும் அதேதான். அதே பால், அதே நுரையீரல். இந்த வரலாறெல்லாம் சேர்ந்துதான், சுயநினைவோடு உணவை மறுக்கும் கைதிக்கு டாக்டர் பலவந்தமாக உணவேற்றக் கூடாது என்று 1975இல் டோக்கியோவில் உலக மருத்துவச் சங்கத்தைச் சொல்ல வைத்தது. ஆனால் இரோம் ஷர்மிளா 2000 நவம்பரிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை இம்பாலில் மூக்கில் குழாயோடுதான் இருந்தார்.

நான் இவர்களோடு அமுச்சியை ஒப்பிடவில்லை. அவர் எதையும் எதிர்த்துப் போராடவில்லை. ஆனால் நான் செய்த இரண்டு காரியமும் அந்தச் சிறை அறைகளில் நடந்தவை. கையைக் கட்டினேன், நுரையீரலில் கஞ்சியை விட்டேன். ஹன்டரின் நோயாளி பிழைத்ததும் ஜதீன் தாஸ் இறந்ததும் ஒரே மாதிரியான குழாயால்தான்.

*

இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது ஒரு ஏஜென்சி மூலமாக ஒரு அக்காவை வைத்தோம். ஐம்பதை நெருங்கியவர், அந்தியூர்ப் பக்கம். நர்ஸிங் படித்து, ஆஸ்பத்திரியில் சில வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் வீடு வீடாகப் போகிறவர். நான் அவருக்கு வீடியோவைக் காட்டப் போனேன். அவர் கட்டிலைப் பார்த்தார்.

"தம்பி, இந்தத் துண்டை ஆருங்க கட்டுனது?"

"நான்தானுங்கக்கா. டியூபைப் புடுங்கிடறாங்க."

"புடுங்காம என்ன பண்ணுவாங்க? உங்க மூக்குல ஒரு கயிறு தொங்குனா நீங்க சும்மா இருப்பீங்களா?"

துண்டை அவிழ்த்தார். மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தோல் புண்ணாகியிருந்தது. அதுதான் உறுத்தியிருக்கிறது. வேறு இடத்தில் ஒட்டி, குழாயைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டையோடு சேர்த்து, அமுச்சியின் கண்ணுக்கும் இடது கைக்கும் எட்டாமல் வைத்தார். அந்தக் கையில் அமுச்சியின் பழைய சேலை ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். அப்புறம் குழாய் ஒருமுறைகூடப் பிடுங்கப்படவில்லை.

வேலை முறையை நான் ஒரு செக்லிஸ்ட் மாதிரி எழுதி வைத்தேன். முதலில் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், ஊட்டி முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மூக்குத் துவாரத்தின் அருகில் குழாயில் உள்ள குறி நேற்றிருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குழாயில் 50, 60, 70 சென்டிமீட்டரில் கோடு போட்டிருப்பார்கள். காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதை நம்பக் கூடாது. நுரையீரலில் குழாய் இருந்தாலும் அதே சத்தம் கேட்கும் என்று பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, பி.ஹெச். தாளில் 5.5க்குக் கீழே காட்டினால் வயிறு. சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே. குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டு ஆட்கள் திரும்பச் செருகவே கூடாது.

அப்புறம் கஞ்சி. ராகியும் பாசிப்பயறும் வேகவைத்து மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். சின்னத் திப்பி போதும், குழாய் அடைத்துவிடும். முன்னும் பின்னும் வெந்நீர் ஆறவைத்தது கொஞ்சம் விட்டுக் கழுவ வேண்டும். மெதுவாகக் கரைகிற மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. நான் சிரிஞ்சின் தண்டைப் போட்டுத் தள்ளுவேன். அக்கா தண்டை எடுத்து வீசிவிட்டார். வெறும் சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, ஒரு முழம் உயரத்தில் பிடித்து, கஞ்சி தானாக இறங்க விட்டார். மோட்டார் பம்ப் செய்து நாட்டுக்கே அனுப்புகிற கோயமுத்தூர்க்காரனுக்கு, எதையும் தள்ளித்தான் ஏற்ற வேண்டும் என்று தோன்றுகிறது போல. இங்கே புவியீர்ப்பு போதும். கால் மணி நேரம் ஆகும். கை வலிக்கும்.

அந்தக் கால் மணி நேரமும் அவர் அமுச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "புருவம் சுருங்குது பாருங்க. வயிறு ரொம்பிருச்சு. மிச்சத்த அப்பறம் குடுக்கலாம்." கில்பர்ட் ரைல் எழுதியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமுச்சி 'உள்ளே' இருக்கிறாரா என்று ஒரு மாதமாக நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தோம். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. புருவத்திலேயே அவருக்கு ஆள் தெரிந்தது.

வாயால் சாப்பிடாவிட்டாலும் தினம் இரண்டு வேளை வாயைத் துடைப்பார். வாயில் சேரும் கிருமி எச்சிலோடு இறங்கி நுரையீரலைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியாது.

படித்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்கே வருவது என்ற ஏற்பாட்டுக்கும் ஒரு தொடக்கம் இருக்கிறது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், சாகக்கிடந்த மனைவியைப் பார்த்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற நர்ஸை வைத்திருந்தார். 1859இல் மனைவி இறந்த பிறகு, பணமிருந்த தனக்கே இவ்வளவு ஆறுதல் தேவைப்பட்டதென்றால் ஏழை வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்து, அதே மேரி ராபின்சனை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். மாவட்ட நர்ஸ் முறை அங்கிருந்து வளர்ந்தது. நம் பக்கத்தில் கேரளாவின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சங்கம் அதை ஊர் மக்களின் வேலையாக மாற்றியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுத்த படுக்கையானவர்களுக்கான வீட்டுக் கவனிப்பு இருக்கிறது. எங்களால் அக்காவுக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் முடிந்திருக்காது. ராத்போனின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

*

ஏழாவது வாரம் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. விழுங்கும் திறன் திரும்பவில்லை. இரண்டாவது பக்கவாதம் லேசாக வந்து போயிருந்தது. நீண்ட நாளைக்கு என்றால் வயிற்றில் துளை போட்டு நேராகக் குழாய் வைக்கலாம். 1979இல் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் எண்டோஸ்கோப்பி வழியே ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாகச் செய்தது இது. குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்தது சில வருஷங்களில் முதியவர்களுக்கான வழக்கமாகிவிட்டது. முற்றிய மறதி நோயாளிகளுக்கு இந்தக் குழாயால் ஆயுள் கூடுவதாக ஆதாரமில்லை என்று 1999இல் ஃபினுகேன் குழுவினர் எழுதினார்கள். எங்கள் கேஸ் மறதி நோய் இல்லை. ஆனால் கேள்வி அதேதான்: இது யாருக்காக?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அருணா ஷான்பாக் வழக்கை அந்த வாரம் படித்தேன். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ். வாயில் ஊட்டியும் பிறகு குழாய் வழியாகவும் அவரை 42 வருஷம் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த சக நர்ஸுகள். உணவை நிறுத்த அனுமதி கேட்ட மனு உச்ச நீதிமன்றம் போனபோது, அந்த நர்ஸுகள் சம்மதிக்கவில்லை. 2011இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே தீர்ப்புதான் சில நிபந்தனைகளோடு சிகிச்சையை விலக்கிக்கொள்ளவும் கதவைத் திறந்தது. 2018இல் கண்ணியத்தோடு சாவதும் உரிமை என்றது நீதிமன்றம். யார் முடிவெடுப்பது என்று வந்தபோது, தினமும் ஊட்டிய கைக்கு அங்கே ஒரு எடை கிடைத்தது.

அம்மாவும் மாமாவும் அக்காவிடம் கேட்டார்கள். "நான் சொல்றதுக்கில்லீங்க, டாக்டருகிட்ட கேளுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்தா இப்பல்லாம் பாதிக்கு மேல வாங்கறதில்ல. அத மட்டும் டாக்டருகிட்ட சொல்லுங்க" என்றார். சொன்னோம். துளை போட வேண்டாம், இருக்கிற குழாயே போதும், கொடுக்கிற அளவை அவரே தீர்மானிக்கட்டும் என்று முடிவாயிற்று.

*

உணவை மறுப்பது தமிழனுக்குப் புதிதில்லை. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்குக் கல்வெட்டே இருக்கிறது. சாவின் வாசலில் உணவைத் தானாக விடுவது நமக்கு ஒரு காலத்தில் மரியாதையாக இருந்தது. இன்னொரு பக்கம், கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றாவிட்டால் மனம் ஆறாது. இரண்டும் நாம்தான்.

பதினோராம் வாரம் மூச்சு மாறியது. தகவல் போய், அன்னூரிலிருந்தும் புளியம்பட்டியிலிருந்தும் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வந்தார்கள். திண்ணையில் கூட்டம். ஒரு பெரியப்பா டம்ளரில் பாலோடு உள்ளே வந்தார். "ஒவ்வொருத்தரா ஊத்தோணுமில்ல. அப்பத்தான் போற உசிரு நிம்மதியாப் போகும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. லாகூரும் அந்தமானும் அந்த டம்ளரில் இருந்தன. வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஊற்ற வந்தவர் எதிரி இல்லை. சின்ன வயசில் அமுச்சி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்.

அக்கா எழுந்து டம்ளரை மரியாதையாக வாங்கிக்கொண்டார். ஒரு கிண்ணத்தில் பஞ்சைச் சுருட்டி வைத்து, பாலில் நனைத்துப் பிழிந்து பெரியப்பா கையில் கொடுத்தார். "ஊத்தற மாதிரி வேண்டாமுங்க பெரியவரே, மூச்சு முட்டும். ஒதட்டுல ஒத்தியெடுங்க. ஆத்தாளுக்கு ருசி தெரியும்."

பெரியப்பா ஒத்தினார். அமுச்சியின் நாக்கு நுனி லேசாக வெளியே வந்து உதட்டைத் தொட்டது. பதினொரு வாரத்தில் அவர் வாயால் ருசித்தது அதுதான். வரிசையாக எல்லாரும் ஒத்தினார்கள். நானும்.

மறுநாள் விடியலில் போய்விட்டார். அக்காதான் குழாயை எடுத்தார். மெதுவாக, உயிரோடு இருக்கிறவருக்கு எடுப்பதுபோல. மூக்கைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரிப் பசையை எண்ணெய் தொட்டுத் துடைத்தார்.

காரியம் முடிந்த கையோடு அவர் திருப்பூரில் இன்னொரு வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாண்டில் நிற்கும்போதே அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு பையன் பதற்றமாகப் பேசுவது எனக்கும் கேட்டது. "நான் வர்றதுக்கு ரெண்டு மணி நேரமாகும் சாமி, பயப்படாதீங்க" என்றார் அக்கா. "அதுவரைக்கும் ஒண்ணும் ஊத்த வேண்டாம். மொதல்ல பெரியவரோட தலைய ஒசத்தி வைங்க. கைய எங்காச்சும் கட்டியிருந்தா அவுத்து உடுங்க."